அழுவதற்கு ஒரு நாள்

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு அணில் என்று பெயர் வைத்தவர் பக்கத்துக் கவுண்டர்க்காரர். பணி ஓய்வை எதிர்பார்த்திருந்த மனிதர். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "எப்பப் பாரு எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கு இந்தப் பொண்ணு. முதுகுல கோடு இருக்கான்னு யாராவது பாருங்கப்பா" என்றார் ஒரு நாள். கவுண்டர் வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் முதல் தரை துடைக்கும் பெண்கள் வரை எல்லாருக்கும் அவள் அணில்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஏன் கொறிக்கிறாய் என்று யாரும் கேட்காமல் இருக்க அந்தப் பெயர் உதவியது. அவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

பள்ளிக்கூட நாட்களிலேயே அவளுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. இன்சுலின் சுரப்பதை உடம்பு அடியோடு நிறுத்திவிடுகிற வகை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஊசி போட்டாக வேண்டும். ஊசி கொஞ்சம் கூடிப்போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கி மயக்கம் வரும். குறைந்துபோனாலோ ஏறிக்கொண்டே போய் ரத்தமே நஞ்சாகிவிடும்.

சாப்பிடுமுன் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்ப்பாள். தட்டில் இருப்பதைக் கண்ணாலேயே எடை போடுவாள். அடுத்து மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறதா, உட்கார்ந்த வேலையா, சளி பிடித்திருக்கிறதா, மாதவிலக்கு நெருங்குகிறதா, காலையில் யாரிடமாவது திட்டு வாங்கினாளா, எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிக் கழிப்பாள். பிறகு பேனா போன்ற அந்த ஊசியைத் திருகி அளவு வைத்து வயிற்றில் குத்திக்கொள்வாள். ஊழியர்களின் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு இத்தனையும் நடக்கும். வெளியே வரும்போது முகம் கழுவிவிட்டு வந்தவள் போல இருப்பாள்.

அப்படியும் சில நாள் கணக்குத் தப்பும். முதலில் வலது முழங்கால் மேசைக்கு அடியில் தனியாக நடுங்க ஆரம்பிக்கும். திரையில் எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்கிற ஊர்ப் பெயர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். உடனே இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். கை மட்டும் டிக்கெட் அடித்துக்கொண்டே இருக்கும்.

"ஏம்மா, நாங்க இங்க கால் கடுக்க நிக்கறோம். உங்களுக்கு மிட்டாய் கேக்குதா?" என்று ஒருவர் கத்துவார்.

"மன்னிச்சுக்குங்க சார். எந்த ஊருக்கு?" என்பாள். காரணம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ரயில் போய்விடும்.

இந்தப் பாடெல்லாம் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அம்மா. மகள் தூங்கும்போது நெற்றியில் கை வைத்து வியர்க்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இளமையைக் கழித்தவள். அம்மா இறந்த பிறகு அந்த வேலையை அலாரம் எடுத்துக்கொண்டது. அது எழுப்பும், எழுந்து விரலைக் குத்திப் பார்த்துவிட்டு அவளே தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படுப்பாள்.

கல்யாணம் நடந்த கதை வேடிக்கையானது. ஸ்டேஷன் லிஃப்ட் ஒரு நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே அணில் மட்டும். கைப்பை கவுண்டரிலேயே இருந்தது. முழங்கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக் கதவை விரல் அகலத்துக்குத் திறந்து, "பயப்படாதீங்க மேடம், கொஞ்ச நேரம்தான்" என்றான். அவள் அந்த இடுக்கில் வாயை வைத்து, "அண்ணா, ஸ்வீட்டா ஏதாவது இருந்தா உள்ள போடுங்க" என்றாள். சிக்கிக்கொண்ட நேரத்திலும் இப்படி ஒரு ஆசையா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேநீர்க் கடையில் வாங்கி வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை இடுக்கு வழியே தள்ளினான். கதவு திறந்தபோது பொட்டலம் காலியாக இருந்தது. உதட்டோரம் சர்க்கரையோடு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதும் அவன் சோதிக்க வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். பக்கத்துக் கவுண்டர்க்காரர்தான், "தம்பி, லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கு. இது டிக்கெட் கவுண்டர்" என்று கடைசியில் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணமான பிறகும், "மொதல்ல என்னை அண்ணான்னு கூப்பிட்டவதானே நீ" என்று அவன் வம்பிழுப்பான். அவள் தலையணையை எடுத்து வீசுவாள்.

நோயை அவள் மறைக்கவில்லை. முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என் பொண்டாட்டிக்கு சுகர்தான். ஆனா ஒரு பிரச்னையும் கிடையாது, அவ பாட்டுக்குப் பாத்துக்குவா" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வான். நல்லவன்தான். பக்கத்தில் படுத்திருக்கிற பெண் எத்தனை முறை எழுந்திருக்கிறாள் என்று தெரியாத அளவுக்கு நன்றாகத் தூங்குகிறவன்.

அவள் கர்ப்பமானாள்.

டாக்டரம்மா முதல் நாளே உட்கார வைத்துப் பேசினார். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பிரசவம் கூடாது என்றில்லை, ஆனால் அளவு துளியும் பிசகக் கூடாது என்றார். அணில் தலையாட்டினாள். அன்றிலிருந்து, உடம்பு சொல்வதை முன்பு ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு காதையும் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். சமையலறையில் சின்னத் தராசு ஒன்று வந்து உட்கார்ந்தது. சோறு, ரொட்டி, பழம் எல்லாம் அதில் ஏறி இறங்கின. முதல் மாதங்களில் சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். பேருந்தில், குளிக்கும்போது, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. பிந்தைய மாதங்களில் ஊசி அளவு ஏறிக்கொண்டே போனது. விரல் நுனிகள் சல்லடையாகி, துணி மடிக்கும்போது நூல் சிக்கியது. வயிறு பெரிதான பிறகு அங்கே குத்தக் கை கூசியது. "குழந்தைக்குப் படாதும்மா, ஊசி அவ்ளோ தூரம் போகாது" என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் அவள் தொடைக்கு மாறிக்கொண்டாள்.

"உங்கள மாதிரி சுகர இவ்ளோ கச்சிதமா வெச்சுக்கறவங்கள நான் பாத்ததே இல்ல. மத்தவங்களுக்கு உங்கள கிளாஸ் எடுக்கச் சொல்லலாம்" என்றார் டாக்டரம்மா ஒருமுறை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அணிலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவளை அப்படிப் பாராட்டியதில்லை.

பக்கத்துக் கவுண்டர்க்காரரிடம் அப்போதுதான் நோய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அப்படியே வைத்துவிட்டார். "அடிப்பாவி, இத்தனை வருஷமா வாயத் தொறக்கலையே. நான் பாட்டுக்கு அணில் அணில்னு..." என்று தடுமாறினார். "அது நல்லாத்தான் இருக்கு அண்ணா, விடுங்க" என்றாள். அதன் பிறகு அவள் எழுந்து போகும்போதெல்லாம் அவர் கேட்காமலே இரண்டு வரிசையையும் பார்த்துக்கொண்டார்.

மாமியார் ஏழாம் மாதத்தில் துணைக்கு வந்தாள். வேறு ஊரில் பெரிய மகள் வீட்டில் இருப்பவள். கைவேலைக்காரி, வந்த கையோடு குழந்தைக்கு மஞ்சள் நிறத்தில் சட்டை பின்ன ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த சர்க்கரை நோய், இனிப்பைக் கண்ணில் காட்டக் கூடாத நோய். மருமகளின் தலையணைக்கு அடியில், கைப்பையில், குளியலறை அலமாரியில் எல்லாம் மிட்டாய் கிடப்பதை அவள் பார்த்தாள். மாசமாக இருப்பவளைக் கடிந்து பேச வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்போதே கேட்டிருந்தால் அணில் விளக்கியிருப்பாள்.

வயிற்றிலிருந்த குழந்தைக்கு ஸ்டேஷனின் அறிவிப்பு மணி பிடிக்காது. அது அடிக்கும்போதெல்லாம் ஒரு உதை விடும். "இவங்க அப்பா மாதிரியே சத்தம் கேட்டா ஆகாது" என்று அணில் சொல்லிச் சிரிப்பாள். முன்கூட்டியே நாள் குறித்து எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். அந்த நாள் நெருங்கிவிட்டது. அந்த வாரத்தோடு விடுப்பு எடுக்க அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அன்று காலைக் கூட்டம் அதிகம். அறிவிப்பு மணி அடித்தது, ஓய்ந்தது. அவள் டிக்கெட்டை நீட்டிய கையோடு அப்படியே உறைந்தாள். உதை இல்லை. காலையிலிருந்து எத்தனை முறை மணி அடித்திருக்கும் என்று யோசித்தாள். எந்த மணிக்கும் உதைத்ததாக நினைவு இல்லை. ஓய்வறைக்குப் போய்ப் பழச்சாறு குடித்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். இனிப்பு உள்ளே போனால் குழந்தை துள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். வயிறு வெறும் பாரமாக இருந்தது.

திரும்பி வந்து கவுண்டரில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பி வைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வரிசை நிற்கும்போது அவள் அதைத் திருப்பியதே இல்லை. கூட்டம் கத்தியது. பக்கத்துக் கவுண்டர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய் வாசலில் வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து ஏற்றிவிட்டார். காரில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தான். போன் மேலே பையில் இருந்தது.

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டே கருவியை வயிற்றில் நகர்த்தினாள். பிறகு பேச்சு நின்றது. ஒவ்வொரு முறையும் குதிரை ஓடுவது போல அறை முழுக்கக் கேட்கிற சத்தம் அன்று கேட்கவில்லை. அந்தப் பெண் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டரக் கூப்பிடறேன்மா" என்று எழுந்தாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "துடிப்பு இல்லம்மா" என்றார்.

"என் சுகர் சரியாத்தானே டாக்டர் இருந்துச்சு?" என்று கேட்டாள் அணில். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"சரியா இருந்துச்சு. நீங்க ஒரு தப்பும் பண்ணல. இந்த நோய் இருந்தா இப்படி ஒரு ஆபத்து மத்தவங்களவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாம் சரியா இருந்தாலும் சில சமயம்..."

"எல்லாம் சரியா இருந்தாலுமா?"



இறந்த குழந்தையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். வலி வர மருந்து கொடுத்தார்கள். ஒரு கையில் குளுக்கோஸ், இன்னொரு கையில் இன்சுலின் சொட்டு. நர்ஸ் அடிக்கடி வந்து விரலைக் குத்தி அளவு பார்த்தாள். வலியின் உச்சத்தில்கூட அணில், "எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள். பழக்கம். கணவன் கிரீஸ் படிந்த சட்டையோடு ஓடி வந்து தலைமாட்டில் நின்றிருந்தான்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. நகங்கள்கூட முழுசாக வளர்ந்திருந்தன. துணியில் சுற்றிக் கொடுத்தபோது அவன் வாங்கி அவளிடம் காட்டினான். "மூக்கு உன்னுது" என்றான்.  அவள் அந்தச் சின்னக் கையை விரித்து, விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். பூ மாதிரி இருந்தது. ஒரு குத்துகூட விழாத விரல்.

சிறிது நேரத்தில் நர்ஸ் வந்து அளவைப் பார்த்துவிட்டு இன்சுலின் சொட்டைக் குறைத்தாள். "இனிமே பாதி மருந்து போதும்மா. புள்ள வெளிய வந்ததும் உடம்பு அவ்ளோ கேக்காது" என்றாள். பாவம், அவள் விவரம்தான் சொன்னாள். அணிலுக்கு அது வேறு மாதிரி கேட்டது. மனசு இன்னும் நம்பவே ஆரம்பிக்கவில்லை. உடம்பு அதற்குள் அளவைக் குறைத்துக்கொண்டுவிட்டது.

மறுநாள் பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தியிடம் வார்டு வாசலில் மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை.

"என்னத்தச் சொல்றது. பையத் தொறந்தா மிட்டாய். தலகாணியத் தூக்குனா மிட்டாய். வாயக் கட்டியிருந்தா எம் பேத்தி இன்னைக்குக் கையில இருந்திருக்கும்."

அழுதுகொண்டே சொன்னாள். மடியில் அந்த மஞ்சள் சட்டை இருந்தது. ஒரு கை மட்டும் பின்னி முடியாமல். அணில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டியது. பால் சுரக்கச் சுரக்கச் சர்க்கரை இறங்கும். முழங்கால் நடுங்கும். குடிக்க ஆளில்லாத பாலுக்காக அவள் எழுந்து பிஸ்கெட் தின்ன வேண்டியிருந்தது. துக்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாவிட்டால் போட்ட ஊசி ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே சாப்பிட்டாள். அழ ஆரம்பித்தால் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும். அது அழுகையாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று தெரியாது. அழுகையை நிறுத்திவிட்டு விரலைக் குத்திப் பார்ப்பாள். பார்த்து முடித்தபின் விட்ட இடத்திலிருந்து அழ வராது.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மெஷினும் கையுமாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் தெரிந்தாள்.

ஒரு மாலை கணவன் வெடித்துவிட்டான். வேலையிலிருந்து வந்தவன், அவள் விரலைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

"ஒனக்கு ஒண்ணுமே இல்லையா? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எப்பப் பாரு அந்த மெஷினையே பாத்துட்டு இருக்க. நம்ம புள்ள செத்துப் போச்சு, தெரியுதா ஒனக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மெஷினை மெதுவாக உறைக்குள் போட்டு மூடினாள். "தெரியுது" என்றாள்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போன பிறகு, மெஷினையும் ஊசிகளையும் ஒரு பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில், நாற்காலி போட்டு ஏறி வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியாரின் பெட்டியிலிருந்து அந்த மஞ்சள் சட்டையை எடுத்து வந்திருந்தாள். அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். வியர்த்தது, விட்டுவிட்டாள். வாய் வறண்டது; விட்டுவிட்டாள். குழந்தையோடு பேசினாள். இன்னும் பெயர் வைக்காததால் கண்ணு, தங்கம், அம்முலு என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லிக் கூப்பிட்டாள்.

வெளியே காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார், 'இப்பவாவது அழறாளே, அழட்டும்' என்று நினைத்தாள். சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. மாலை கணவன் வந்தபோதும், "இன்னைக்குத்தான் அழுது தீக்கறா, தொந்தரவு பண்ணாத" என்றாள். அவனும் ஒரு மாதிரி நிம்மதியோடு கூடத்திலேயே படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் வாந்திச் சத்தம் கேட்டு அவன் உள்ளே ஓடினான். அவள் தரையில் கிடந்தாள். ஓடி வந்தவள் போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் அழுகிய பழ வாசனை. பேசினால் வார்த்தை சேரவில்லை. அவளை அள்ளிக்கொண்டு படிகளில் இறங்கினான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் அவனை நிற்க வைத்துக் கேட்டார். "இன்சுலின் எப்ப நிறுத்துனாங்க? ஒரு நாள்தானேன்னு விட்டீங்களா? இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா என் கையில இல்ல."

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போது போடுவாள், எவ்வளவு போடுவாள், எங்கே வைப்பாள், எதுவுமே. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மெஷினை அவன் கையால் தொட்டதுகூட இல்லை.

அவள் கண் விழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏன்டி இப்படிப் பண்ணுன? நான் ஏதோ கோவத்துல சொன்னேன். அதுக்காக உயிர விடப் பாத்தியா?"

அவள் தலையை அசைத்தாள். உதடுகள் வெடித்திருந்தன. "சாகணும்னு நெனைக்கலங்க. சத்தியமா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இத எல்லாம் தூக்கி வெச்சுட்டு அவளுக்காக அழணும்னு தோணுச்சு. மத்த பொம்பளைங்க அழற மாதிரி. நடுவுல எந்திரிக்காம."

அவன் அவளுடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த விரல் நுனிகள் கன்னத்தில் சொரசொரவென்று பட்டன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். கரும்புள்ளிகள், காய்ப்பு, மேலே புதுப்புள்ளிகள். இந்தக் கையைத்தான் அவன் எத்தனையோ முறை பிடித்துக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறான்.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு நர்ஸ் மாமியாரிடம் ஒரு பொட்டலம் மிட்டாயைக் கொடுத்தாள். "இத அவங்க பக்கத்துலயே வைங்கம்மா. சுகர் இறங்கி நடுக்கம் வந்தா உடனே வாயில போடணும். லேட் பண்ணா உயிருக்கே ஆபத்து."

"மிட்டாயா? சுகர்காரிக்கா?"

"ஆமாம்மா. இவங்களுக்கு இது மருந்து. இவ்ளோ நாளா பையில வெச்சிருந்திருப்பாங்களே, பாத்ததில்லையா?"

 மாமியார் அந்தப் பொட்டலத்தோடு போய் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் மருமகளுக்குத் தலை வாரிவிடும்போது, பின்னாலிருந்தே கேட்டாள்.

"அன்னைக்கு வாசல்ல நான் பேசுனது... ஒன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அத்தை."

சீப்பு நின்றது. பிறகு மெல்ல மறுபடி ஓடியது. மன்னிச்சுக்கோ என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை அத்தை என்று இவளும் சொல்லவில்லை. பின்னல் மட்டும் ரொம்ப நேரம் பின்னப்பட்டது. அடுத்த வாரம் மாமியார் பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். மஞ்சள் சட்டையைக் கேட்கவில்லை. அது அணிலிடமே இருக்கிறது.

அணில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் கணவன் நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து அந்தப் பையை இறக்கினான். "எனக்குச் சொல்லிக் குடு" என்றான். லிஃப்ட் மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன், ரத்தச் சொட்டை மெஷினில் வைக்க முடியாமல் தவித்தான். முதலில் தன் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "அம்மாடி!" என்று கத்தினான். அவளுக்கு, குழந்தை போன பிறகு முதல்முறையாக, சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. "நீ அழு. நான் பாத்துக்கறேன்" என்று அவன் தராசை எடுக்கச் சமையலறைக்குப் போனான்.

ஒரு வாரம் அவனே பார்த்துக்கொண்டான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. "கொஞ்சம் அசந்தா ஏறுது, கொஞ்சம் அசந்தா இறங்குது. சாப்பாட்டப் பாத்தாலே பயமா இருக்கு. எப்படிடி இத்தனை வருஷம் ஒரு வார்த்த சொல்லாம..." என்றான்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். பக்கத்துக் கவுண்டர்க்காரர் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கு அவளுடைய கதை தெரியாது. இன்னொரு குழந்தை பற்றி டாக்டரம்மா ஜாடையாகக் கேட்டபோது, "வேணாம் டாக்டர். மறுபடி எல்லாத்தையும் சரியா செஞ்சு, மறுபடி இப்படி ஆனா, எனக்குத் தாங்காது" என்றாள். கணவனுக்கு ஆசை இருந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு மட்டும் நிலைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவனுடைய பொறுப்பு. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைவரை விரலைக் குத்துவது, எடை போடுவது, கூட்டிக் கழிப்பது, ஊசி போடுவது எல்லாம் அவன். அவள் கையை நீட்டினால் போதும். என்ன அளவு என்று கேட்கவும் கூடாது. சில ஞாயிறுகளில் அவள் பகலெல்லாம் தூங்குவாள். சில ஞாயிறுகளில் அந்தச் சட்டையை எடுத்து வைத்துக்கொள்வாள்.

போன ஞாயிறும் அப்படித்தான். மத்தியானம் அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்களிலிருந்து தண்ணீர் ஓசையில்லாமல் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வந்து கையை எடுத்து, சுண்டுவிரலைத் தேர்ந்து, பக்கவாட்டில் குத்தினான். அங்கேதான் வலி குறைவு என்று கற்றுக்கொண்டிருந்தான்.

"எவ்ளோங்க?" என்றாள் அவள், தன்னை அறியாமல்.

"கேக்கக் கூடாதுன்னு பேச்சு" என்றான்.

அவள் சரி என்பது போலக் கையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் மெஷினை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல், கதவை அரைவாசி சாத்திவிட்டு வெளியே போனான்.